காரைப் பாழ்நிலம்: திருச்சி அருகே பழைய கடலடியில் ஒரு நடை

காரைப் பாழ்நிலம் என்பது பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில், காரை, கொளக்காநத்தம் ஆகிய ஊர்களை ஒட்டிக் காணப்படும், மழைநீர் அறுத்த களிமண் மேடுகளும் பள்ளங்களும் நிறைந்த நிலப்பரப்பு ஆகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்துள்ள தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் காரை–கொளக்காநத்தம் பகுதியும் ஒன்று. முன்பு ஜிப்சம் தோண்டப்பட்ட நிலம் இது. கிரீட்டேசியக் காலக் கடல் உயிரிகளின் தொல்லுயிர் எச்சங்கள் இங்கே தரையிலேயே கிடக்கின்றன. மலையேற்றப் பழக்கம் இல்லாதவர்களும் ஓரிரு மணி நேரத்தில் நடந்து பார்க்கக்கூடிய இடம் என்பதால், அண்மைக் காலமாகப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பலரும் இங்கே வருகின்றனர்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து காரைக்குப் போவது ஒரு மணி நேரப் பயணம். ஸ்ரீரங்கம் காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் படிந்த தீவு. புவியியல் கணக்கில் அது நேற்றுப் பிறந்த மண். காரையில் காலடியில் இருப்பதோ சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் படிந்த சேறு.

பாலை போலத் தோன்றும், பாலை அன்று

முதன்முறை பார்ப்பவர்கள் இதைப் பாலைவனம் என்றே எண்ணுவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பும் மஞ்சளும் கலந்த வெற்று மேடுகள். மரம் இல்லை, நிழல் இல்லை. ஓரங்களில் மட்டும் சீமைக் கருவேலம் ஒட்டிக்கொண்டிருக்கும். நாளிதழ்களும் சுற்றுலாக் குறிப்புகளும் இதைத் 'தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்' என்று எழுதுகின்றன. அளவிலும் ஆழத்திலும் அந்த ஒப்பீடு பொருந்தாது. கிராண்ட் கேன்யன் ஒரு பெரிய ஆறு கடினப் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. காரையில் அப்படி ஓர் ஆறு இல்லை. இது மழை நேரடியாகக் களிமண்ணின்மேல் விழுந்து வரைந்த கோலம்.

பொதுவாக ஆண்டுக்கு 250 மி.மீ.க்குக் குறைவாக மழை பெறும் இடத்தையே பாலைவனம் என்பார்கள். இப்பகுதியில் ஆண்டுக்கு 800 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. வறட்சியால் அன்றி மழையாலேயே இந்த நிலம் இப்படி ஆயிற்று என்பதுதான் மாணவர்கள் இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. இங்குள்ள களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மழை தொடங்கியதும் வெடிப்புகள் மூடிக்கொள்வதால் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. மேற்பரப்பிலேயே ஓடி, முதலில் விரல் அகலத்தில் கோடு கிழிக்கிறது. பிறகு அதே கோடு வாய்க்காலாகி, வாய்க்கால் பள்ளமாகிறது. மண்ணில் உள்ள உப்புகளால் செடிகள் எளிதில் வேர்பிடிப்பதில்லை. வேர் இல்லாத மண்ணைப் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ப்பதும் சேர்ந்துகொள்ள, ஆண்டுதோறும் மேல்தோல் சிறிது சிறிதாக உரிகிறது.

இத்தகைய நிலத்துக்கு உலகெங்கும் பாழ்நிலம் என்ற பொருளிலேயே பெயர் அமைந்துள்ளது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் வாழ்ந்த லகோட்டா மக்கள் 'கெட்ட நிலம்' என்று பொருள்படத் தங்கள் மொழியில் அழைத்தார்கள். அங்கு வந்த பிரெஞ்சு வணிகர்களும் கடந்து செல்ல முடியாத கெட்ட நிலம் என்றே குறித்தார்கள். அந்த இடம் இன்று தேசியப் பூங்கா. அங்கே ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. அரிக்கப்படுவதாகப் பூங்கா நிருவாகம் கூறுகிறது. உழவருக்குத்தான் அது பாழ். தொல்லுயிரியலாருக்கு அதைவிடச் செழிப்பான நிலம் இல்லை.

கடல் இங்கே வந்தது எப்படி

இன்று காரையிலிருந்து வங்கக் கடலுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளது. இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா முதலியவை கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளந்தபோது, இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் பள்ளங்கள் விழுந்தன. அவற்றுள் ஒன்று காவிரிப் படுகை. பிறகு கடல் மட்டம் உயர்ந்தபோது கடல்நீர் இந்தப் பள்ளத்துக்குள் ஏறி, இன்றைய திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்கு அருகே உள்ள பழங்காலக் கடும்பாறை விளிம்பு வரை வந்து நின்றது. நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பும்போது, அக்காலக் கரையிலிருந்து கடலுக்குள் இறங்குவதாக எண்ணிக்கொள்ளலாம்.

கடல் பல முறை ஏறியும் இறங்கியும் பல கோடி ஆண்டுகள் இங்கே இருந்தது. அப்போது படிந்த அடுக்குகளைப் புவியியலார் ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பிரிக்கின்றனர். இவற்றில் பழையது ஊட்டத்தூர்த் தொகுதி. காரைக் களிமண் அதன் மேற்பகுதியைச் சேர்ந்தது. ஊட்டத்தூர், பாடாலூருக்கு அருகிலுள்ள, சுத்தரத்தினேசுவரர் கோயில் கொண்ட சிற்றூர். கோயிலுக்குப் போகும் அன்பர்களுக்குத் தெரிந்த அந்தப் பெயர், உலகெங்கும் உள்ள புவியியல் நூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. பழைய நூல்களில் இந்த இடங்கள் எல்லாம் திருச்சி என்ற பெயரிலேயே குறிக்கப்பட்டிருப்பதற்கு அதுவே காரணம்.

மூன்று தொகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. அவருடைய அறிக்கை 1862இல் வெளிவந்தது. பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவராக இருந்தவரும் அவரே. அவருக்கு முன்னரே கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் திரட்டிய எச்சங்களை, எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் இலண்டனில் விவரித்து எழுதியிருந்தார். பிறகு மொராவியாவில் பிறந்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கிரீட்டேசிய உயிரிகளைப் பற்றிப் பெரும் தொகுதிகளாக எழுதினார். இன்றும் ஆய்வு மாணவர்கள் அவற்றைப் புரட்டாமல் இந்த நிலத்துக்கு வருவதில்லை.

நடக்கும்போது காண்பவை

ஊரைத் தாண்டி மேடுகளுக்குள் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பளபளப்பு. உடைந்த கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதுபோல் தரையெங்கும் மின்னும். அவை ஜிப்சம். சில இடங்களில் தகடு தகடாகவும், சில இடங்களில் நார் நாராகவும் இருக்கும். ஜிப்சத்தை அடையாளம் காண எளிய வழி, நகத்தால் கீறிப் பார்ப்பது. கீறல் விழுந்தால் ஜிப்சம். விழாவிட்டால் பெரும்பாலும் கால்சைட்டு.

அடுத்துக் காணப்படுவது பெலம்னைட்டு. துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவம். ஒரு முனை கூர்மை. கணவாய் மீனின் உறவினமான ஓர் உயிரியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி இது. உடைந்த முனையைப் பார்த்தால் நடுவிலிருந்து சக்கரத்து ஆரங்கள்போல் கோடுகள் தெரியும். காரைக் களிமண்ணில் பெலம்னைட்டுகள் ஏராளம்.

அம்மோனைட்டைத் தேடித்தான் பலரும் வருகிறார்கள். சுருண்ட ஆட்டுக் கொம்பு போன்ற ஓடு கொண்ட இந்தக் கடலுயிரிக்கு, ஆட்டுக்கொம்புடைய எகிப்தியத் தெய்வமான அம்மோனின் பெயர் இடப்பட்டது. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இது புதிய பொருள் அன்று. வீட்டுப் பூசையில் வைக்கும் சாளக்கிராமத்தில் காணும் சக்கரம் அம்மோனைட்டின் அச்சுதான். ஆனால் அது நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. காரை அம்மோனைட்டுகளைவிடப் பழைய ஜுராசிக் காலத்தைச் சேர்ந்தது. காரையில் முழு வடிவில் கிடைப்பது அரிது. உடைந்த துண்டுகளில் உள்ள வரிகளைக் கொண்டே அடையாளம் காண வேண்டும்.

இவை தவிரச் சிப்பிகள், நத்தை ஓடுகள், சுருள் சுருளான புழுக் குழாய்கள், அரிதாகச் சுறாப் பற்கள் ஆகியவையும் உண்டு. சுறாப் பல் அளவில் சிறியது. மண்ணோடு மண்ணாகக் கிடந்தாலும் அதன் பளபளப்பு காட்டிக் கொடுத்துவிடும். 2011இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இங்குக் கிடைத்த பல வகைச் சுறாப் பற்களை விவரித்தது. இக்தியோசார் எனப்படும், மீன் வடிவக் கடல் ஊர்வனவற்றின் எலும்புகளும் ஊட்டத்தூர்த் தொகுதியில் கிடைத்துள்ளன. ரிச்சர்டு லிடெக்கர் 1879இல் அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார்.

டைனோசரை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். இது கடலடி; டைனோசர் நில விலங்கு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், நீர்நிலையில் வண்டல் அள்ளும்போது உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவி, கூட்டம் கூடியது. வல்லுநர்கள் பார்த்தபோது, அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிக் கடற்சேறு இறுகி உருவான உருண்டைகள் என்று தெரிந்தது. அந்தச் செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை. இன்றும் கைப்பேசிகளில் 'முட்டைப் படம்' சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஜிப்சமும் தோண்டல்களும்

உலகில் பாலைவன நடைப்பயணம் என்றாலே, அதில் கைவிடப்பட்ட சுரங்க ஊர் ஒன்றும் சேர்ந்து வரும். நமீபியாவில் 1908இல் வைரம் கிடைத்ததால் எழுந்த கோல்மான்ஸ்கோப், 1956இல் முற்றிலும் காலியானது. இன்று அதன் வீடுகளுக்குள் முழங்கால் அளவு மணல். அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள ரையோலைட், 1905 வாக்கில் தங்கத்தால் எழுந்து 1920க்குள் ஆளின்றிப் போயிற்று. தமிழர்களுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள், 3 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் இறங்கி வேலை செய்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்வதால், அதை முற்றிலும் பேய் ஊர் என்று சொல்வது சரியாகாது.

காரையில் அப்படிக் கைவிடப்பட்ட ஊர் இல்லை. காரையும் கொளக்காநத்தமும் வாழும் ஊர்கள். ஆனால் சுரங்கத் தொழில் தொட்ட நிலம் இது. ஜிப்சம் என்பது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டு. களிமண்ணில் இருந்த இரும்பு சல்ஃபைடு காற்றும் நீரும் பட்டு மாறும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அது சிப்பிகளின் சுண்ணத்தோடு சேர்ந்து ஜிப்சம் ஆகிறது. அதாவது கடல் உயிரிகளின் ஓடுகளில் ஒரு பகுதி கரைந்துதான் இந்தப் பளபளப்பு வந்தது. வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுவதால் இதற்கு ஆழச் சுரங்கம் தேவைப்படவில்லை. மேலோட்டமாகத் தோண்டினாலே கிடைத்தது.

இதற்குத் தேவை சிமெண்டு ஆலையிலிருந்து வந்தது. சிமெண்டு அரைக்கும்போது 100 பங்குக்கு 3 முதல் 5 பங்கு ஜிப்சம் சேர்க்காவிட்டால், தண்ணீர் ஊற்றியவுடனே அது இறுகிவிடும். கொத்தனார் பூச நேரம் இராது. அருகிலுள்ள கல்லக்குடியில் 1939இல் டால்மியா சிமெண்டு ஆலை தொடங்கப்பட்டது. அவ்வூருக்கு டால்மியாபுரம் என்ற பெயர் வைத்ததை எதிர்த்து 1953இல் நடந்த போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. அந்த ஆலை தோண்டும் சுண்ணாம்புக்கல்லும் பழைய கடலின் பவளப் பாறைத்திட்டுதான். கல்லக்குடி என்ற பெயருக்குப் போராடியவர்கள் பலருக்கும் தங்கள் காலடியில் ஒரு பவளத்திட்டு இருந்தது தெரிந்திருக்காது.

ஜிப்சம் தவிர, உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட் உருண்டைகளும் ஊட்டத்தூர்த் தொகுதியில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்த் என்பவர் இவை 80 இலட்சம் டன் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார். மண்ணில் சீராகப் பரவாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததால் பெருந்தொழிலாக வளரவில்லை. இன்னும் சற்றுக் கிழக்கே கருடமங்கலத்தில் கிடைத்த சிப்பிச் சுண்ணாம்புக்கல் மெருகேற்றினால் அழகாக இருக்கும். 'திருச்சிப் பளிங்கு' என்ற பெயரில் அது அலங்காரப் பொருள்களுக்குப் பயன்பட்டது.

நடப்பவர்களுக்கு, தோண்டிய பள்ளம் எது, மழை அறுத்த பள்ளம் எது என்று பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. மழை அறுத்ததற்குத் தலையும் வாலும் உண்டு. மேலே மெல்லிய கோடுகளாகத் தொடங்கி, ஒன்றுசேர்ந்து, கீழே ஓடையில் போய் முடியும். தோண்டிய குழிக்குப் போக்கிடம் இராது. அருகில் வாரிப் போட்ட மண்மேடு இருக்கும். ஆனால் பழைய குழிகளின் ஓரங்களை மழை மழுக்கிவிடுவதால், அடையாளம் காண்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

எடுத்துப் போகலாமா

காரைக்கு வரும் எல்லோருக்கும் எழும் கேள்வி இது. 'மழையில் உடைந்து போகப் போகிறது, நான் ஒன்று எடுத்தால் என்ன?' என்பது பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். அதில் பாதி உண்மை உண்டு. அரிப்புதான் எச்சத்தை வெளியே கொண்டுவருகிறது. அதே அரிப்புதான் அதை அழிக்கிறது. ஆய்வாளர்களும் எடுத்துத்தான் போகிறார்கள். சுண்ணாம்புச் சுரங்கங்கள் இல்லாதிருந்தால் அரியலூர் அம்மோனைட்டுகள் பல வெளிச்சத்துக்கே வந்திருக்கா.

ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். ஆய்வாளர் எடுக்கும்போது எந்த அடுக்கில், எந்த உயரத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்று குறித்துக்கொண்டு எடுக்கிறார். அந்தக் குறிப்பு இல்லாத அம்மோனைட்டு, புத்தகத்திலிருந்து கிழித்த பக்க எண் இல்லாத தாள் போன்றது. மேசையில் அழகாக இருக்கும், எதையும் சொல்லாது. அடுத்தது, கணக்கு. ஒரு பேருந்தில் 40 மாணவர்கள் வந்து ஆளுக்கு மூன்று எடுத்தால் ஒரே நாளில் 120. அதுவும் உடைந்ததை யாரும் எடுப்பதில்லை, முழுமையானதைத்தான் எடுப்பார்கள். எனவே பின்னால் வருபவர்களுக்கு எஞ்சுவது துண்டுகளே. பாதைக்கு அருகில் இருப்பவை முதலில் போகும். பிறகு மக்கள் மேடுகளில் ஏறித் தேடுவார்கள், மேடு சரியும். மேடுகளின்மேல் இருசக்கர வண்டி ஓட்டிப் படம் எடுப்பது இன்னும் மோசம். ஒரு சக்கரத் தடம் அடுத்த மழையில் ஒரு வாய்க்காலாகிவிடும்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களில் தொல்லுயிர் எச்சத்தையோ கல்லையோ எடுப்பது குற்றம். இந்தியாவில் இத்தகைய இடங்களைக் காப்பதற்கென்று, புவிமரபு இடங்கள் பற்றிய வரைவு மசோதா ஒன்றை 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. நினைவுச் சின்னம் என்று அறிவிப்பது வேறு, காவல் போடுவது வேறு. அருகிலுள்ள சாத்தனூரில் இருப்பது ஒரே கல்மரம். அதைச் சுற்றி வேலி போட முடிந்தது. காரையில் பரந்து கிடக்கும் மேடுகளைச் சுற்றி வேலி போடுவது நடக்கிற காரியம் அன்று. வருபவர் கையை அடக்கிக்கொள்வதுதான் இப்போதைக்கு இங்குள்ள வேலி. கிராமத்துக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். உள்ளூர் இளைஞர் ஓரிருவருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினால், பலகை வைப்பதைவிட அது பயன் தரும்.

ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வருவதானால், பைக்குப் பதில் குறிப்பேடு கொண்டுவரச் சொல்லலாம். எச்சத்தின் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். கைப்பேசியில் இடக்குறியையும் சேர்த்துப் பதிந்துவிட்டு, எடுத்ததை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைத்துவிட வேண்டும். அரிதான எலும்பு, பல் போன்றவை தென்பட்டால் தொடாமல், படத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ அனுப்பலாம்.

போகும் முறை

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரத்தைத் தாண்டிச் சென்று, சிறுகனூர், பாடாலூர்ப் பக்கத்திலிருந்து கிழக்கே பிரியும் சாலைகள் வழியாகக் காரையை அடையலாம். குறியிட்ட நடைபாதை கிடையாது. ஊரில் கேட்டு, ஓடைத் தடத்தைப் பிடித்து நடப்பதே வழக்கம். 2 அல்லது 3 கி.மீ. நடந்தால் போதிய அளவு பார்த்துவிடலாம். ஏற்ற இறக்கம் குறைவு.

டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை காலை நேரம் ஏற்றது. மழை பெய்து மூன்று நான்கு நாள் காய்ந்தபின் போனால், புதிதாகக் கழுவப்பட்ட எச்சங்கள் தெளிவாகத் தெரியும். மழை பெய்த மறுநாளே போகக்கூடாது. செருப்பில் ஒட்டும் களிமண் காலை எடுக்க விடாது. மேடுகளின் விளிம்பும் சரியும். சித்திரை வெயிலில் அறவே தவிர்க்க வேண்டும். நிழலோ குடிநீரோ வழியில் எங்கும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி தேவை. விளிம்புகளில் நின்று படம் எடுக்கக்கூடாது. மேலே கெட்டியாகத் தெரியும் இடத்தின் அடியில் நீர் அரித்துக் குடைந்திருக்கக்கூடும்.

அதே நாளில் சாத்தனூரையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்குள்ள கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது. தஞ்சையைச் சேர்ந்தவரும், பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவருமான எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்தார். கரையில் வளர்ந்த மரம் ஒன்று கடலுக்கு அடித்துவரப்பட்டு, சேற்றில் புதைந்து, கல்லாகிக் கிடக்கிறது. காரையில் துண்டு துண்டாகப் பார்த்த கடலின் கரை ஓரம் எப்படிப் பசுமையாக இருந்திருக்கும் என்பதை அங்கே ஒரே பார்வையில் காணலாம். அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தில், முழுமையான அம்மோனைட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க முடியும். முதலில் அதைப் பார்த்துவிட்டுக் காரைக்கு வந்தால், தரையில் கிடக்கும் சிறு துண்டு எந்த உயிரியின் எந்தப் பகுதி என்று எளிதில் விளங்கும்.